மடையன்ங்கற திட்டு ஏரி மடையிலேர்ந்து வந்துச்சா?

கேட்ட கேள்வி இதுதான்: "மடையன்னா முட்டாள்னு அர்த்தமே கெடையாது, வெள்ளக் காலத்துல உயிரைப் பணயம் வச்சு ஏரிக்குள்ள முங்கி மடையத் தொறந்து ஊரக் காப்பாத்துன வீரனுக்குத்தான் மடையன்னு பேருன்னு வாட்ஸப்புல திரும்பத் திரும்ப வருதே, அது நெசமா? நெசம்னா அது எப்படித் திட்டா மாறுச்சு?"

நேரா சொல்லிடறேன். அந்த வேலை நெசம், அந்த ஆளுங்க நெசம், உயிரக் கையில புடிச்சிக்கிட்டு அவங்க முங்குனதும் நெசம். ஆனா நாம திட்டுற மடையன் அவங்ககிட்டேர்ந்து வரல. அது வேற வேர்லேர்ந்து மொளச்ச வேற சொல்லு, ஏரி மடையோட சேந்து ஒரே மாதிரி காதுல விழுது, அவ்ளோதான். இத சொல்ல எனக்கே கொஞ்சம் வலிக்குது, ஏன்னு சொல்றேன்.

எங்க ஊரு பாகூர் பக்கம். எங்க தாத்தா சின்ன ஏரி ஒண்ணுக்கு நீர்க்கட்டியா இருந்தவரு, அதாவது யார் கழனிக்கு எப்ப எவ்ளோ தண்ணி போவணும்னு பாத்து மடையத் தொறந்து மூடுற ஆளு. நான் ஆறாவது படிக்கும்போது கணக்குல ஒரு வகுத்தல தப்பா போட்டதுக்கு வாத்தியாரு ஒருத்தரு பலகை முன்னாடி நிக்க வச்சு, "மடை தொறக்கறவன் பேரன் மடையனாத்தான்டா இருப்பான்"னு சொன்னாரு. கிளாஸே சிரிச்சுது. வீட்டுக்கு வந்து தாத்தாகிட்ட சொல்லல, சொன்னா அவரு மனசு என்னாவும்னு அந்த வயசுலயே தெரிஞ்சுது. ரொம்ப வருஷம் கழிச்சு இந்த வாட்ஸப் மெசேஜ் வந்தப்ப படிச்சு முடிக்கறதுக்குள்ள கண்ணு கலங்கிடுச்சு, இது நெசமா இருக்கணும்னு ஆசைப்பட்டுதான் தேட ஆரம்பிச்சேன், தமிழ் படிச்சு தமிழ் சொல்லிக் குடுக்கற வேலைல இருந்ததால அகராதியும் பழைய பாட்டும் கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. தேடத் தேட கெடச்சது வேற.

மொதல்ல அந்த மடை வேலைய சொல்லிடறேன், ஏன்னா மெசேஜ்ல அத சினிமா மாதிரி சொல்றாங்க, நெசம் அதவிட நுணுக்கமானது. பழைய ஏரியில கரைக்கு உள்பக்கம், தண்ணிக்குள்ள, ரெண்டு கருங்கல் தூண் நிக்கும், நடுவுல குறுக்குக் கல்லு. கீழ தரையில ஒரு கல் தொட்டி மாதிரி, அதுல ஒரு ஓட்டை, அந்த ஓட்டையிலேர்ந்து கரைக்கு அடியில சொரங்கம் மாதிரி கல் வாய்க்கா வெளியில கழனிப் பக்கம் போவும். இதத்தான் தூம்பு, குமிழித் தூம்பு, மதகுன்னு சொல்றது. ஓட்டைய அடைக்க ஒரு கட்டை, கீழ கூம்பா செதுக்கியிருப்பாங்க, அதோட சேந்த நீள கம்பு குறுக்குக் கல்லு வழியா மேல வரும். கம்புல வரிசையா தொளை இருக்கும், எவ்ளோ தூக்கணுமோ அவ்ளோ தூக்கி தொளையில ஒரு ஆணியச் சொருவிட்டா கட்டை அங்கயே நிக்கும். ஒரு தொளைக்கும் அடுத்த தொளைக்கும் நாலு விரக்கட இருக்குமா, அந்த நாலு விரக்கடயில கடைசி கழனிக்கு தண்ணி போவுமா போவாதான்னு தாத்தா கண்ணால பாத்தே சொல்லுவாரு.

கஷ்டம் எப்பன்னா, ஐப்பசி கார்த்திகையில மழை புடிச்சு ஏரி ரொம்பி, கட்டை சேத்துல பதிஞ்சு போயி மேலேர்ந்து எவ்ளோ இழுத்தாலும் வராதப்ப. அப்ப இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு எறங்கணும், கரையில ரெண்டு பேரு கயித்தப் புடிச்சிக்கிட்டு நிப்பாங்க, இவரு தூணப் புடிச்சிக்கிட்டே கீழ போயி கையால சேத்த வழிச்சு கட்டைய அசைக்கணும். கட்டை கெளம்புற அந்த நொடிதான் ஆபத்து, ஏரித் தண்ணி மொத்தமும் அந்த ஓட்டைய நோக்கி இழுக்கும், கையோ காலோ அங்க மாட்டுனா தண்ணியே அழுத்திப் புடிச்சிக்கும், மேல இருக்கறவங்க இழுத்தாலும் வராது. தாத்தாவோட எடது கை சுண்டுவிரலு வளைஞ்சு போயிருந்துச்சு, கேட்டா "மடை கடிச்சுடுச்சு"ம்பாரு. கூலி? அறுப்பு முடிஞ்சு களத்துல ஒவ்வொரு வீட்டு நெல்லுலயும் மரக்கா கணக்குல அளந்து குடுப்பாங்க. அதான் வருஷத்துக்கும்.

இந்த வேலைக்கு மரியாதை இல்லாம இல்ல. உத்தரமேரூர் கல்வெட்டுல ஏரிய மட்டும் பாத்துக்கறதுக்குன்னே ஏரி வாரியம் இருந்தது எழுதியிருக்கு, அது முதல் பராந்தக சோழன் காலம், 10-ம் நூற்றாண்டோட ஆரம்பம். நம்ம கடலூர் மாவட்டத்துல காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கற வீராணமும் அதே ராஜாவோட காலத்து ஏரிதான், அவனோட வீரநாராயணன்ங்கற பட்டப் பேருதான் மருவி வீராணம் ஆச்சு. எங்க பாகூர எடுத்துக்குங்க, நிருபதுங்கவர்மன்னு ஒரு பல்லவ ராஜா காலத்துல, 9-ம் நூற்றாண்டுல, இங்க ஒரு வித்யாஸ்தானம் இருந்துச்சு, அதாவது பெரிய படிப்புக்கான எடம், அதோட செலவுக்கு 3 ஊர எழுதி வச்ச செப்பேடு கெடச்சிருக்கு. 3 ஊர் வருமானம்னா நெல்லு, நெல்லுன்னா தண்ணி, தண்ணின்னா மடையில நின்ன ஒரு ஆளு. அந்த வாத்தியாரு பாடம் நடத்துன ஊர்ல படிப்புக்கே சோறு போட்டவன் மடை தொறந்தவன்தான்.

சரி, இப்ப சொல்லுக்கு வருவோம்.

தமிழ்ல மடைன்னு ரெண்டு இருக்கு. ஒண்ணு தண்ணி மடை: தலைமடை, கடைமடை, மடை தொறந்த வெள்ளம்னு நாம தெனம் பேசுறது. இன்னொண்ணு சோத்து மடை. கோயில்ல மடைப்பள்ளின்னு சொல்றோமே, பேச்சுல மடப்பள்ளின்னு வருமே, அது. சாமிக்குப் படைக்கற சோத்துக்குப் பேரு மடை, குறுந்தொகையில வேலன்ங்கற பூசாரி முருகனுக்கு வெறியாடும்போது, அதாவது சாமி வந்து ஆடும்போது, பல நெறத்துல சோறு வச்சுப் படைக்கறத "சில்லவிழ் மடை"ன்னு சொல்லியிருக்கு. இதுலேர்ந்து மடைத்தொழில்னா சமையல், மடைநூல்னா சமையல் சொல்லித் தர்ற நூல், மடையன்னா சமையக்காரன், இது அகராதியிலயே இருக்கு. நம்ம பக்கத்துக்கு இதுல ஒரு பெருமை உண்டு. திண்டிவனம் கிடங்கில், மரக்காணம்னு இந்த வட்டாரத்தத்தான் ஓய்மாநாடுன்னு சொன்னாங்க, அத ஆண்ட நல்லியக்கோடன் பாணர்களுக்குப் போட்ட விருந்த சிறுபாணாற்றுப்படையில சொல்லும்போது, பீமன் செஞ்ச சமையல் நூல்லேர்ந்து எள்ளளவும் தப்பாம சமைச்ச பல வகைச் சாப்பாடுன்னு வருது. இந்த ரெண்டு மடையும் மடுத்தல்ங்கற வினையிலேர்ந்து வந்ததுன்னுதான் எனக்குப் படுது, மடுத்தல்னா உள்ள போவச் செய்யறது, வாய்க்கு ஊட்டுறது. செவிமடுத்தல்னு இன்னைக்கும் மேடையில சொல்றோமே அதே மடுத்தல்தான். ஒரு மடை வாய்க்கு ஊட்டுது, இன்னொரு மடை வயலுக்கு ஊட்டுது. ரெண்டுலயும் முட்டாத்தனம் ஒரு சொட்டு இல்ல.

திட்டு வந்தது மூணாவது எடத்துலேர்ந்து. மடம். மடமை.

இந்த மடம் சாமியார் இருக்கற மடம் இல்ல, அது வடமொழி வழி வந்தது. இது சுத்தமா நம்ம சொல்லு, மட அன்னம், மடமான், மடப்பிடின்னு பழைய பாட்டு முழுக்க வரும். அங்க அர்த்தம் இளசு, மென்மை, இன்னும் ஒண்ணும் தெரியாதது. மான்குட்டி ஆளப் பாத்தா ஓடத் தெரியாம கண்ண விரிச்சு பாத்துக்கிட்டே நிக்குமே அதுதான் மடம். அறிவு கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, அறிவு இன்னும் வந்து சேரலன்னு அர்த்தம்.

எனக்கு ரொம்பப் புடிச்ச உதாரணம் குறுந்தொகை 66-வது பாட்டு, கோவதத்தனார் பாடுனது. பொருள் தேடப் போன தலைவன் கார்காலத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். நடுவுல ஒரு அகால மழை பெய்யுது, கொன்றை மரமெல்லாம் பூத்துடுது. கார்காலம் வந்துடுச்சு அவன் வரலியேன்னு தலைவி ஒடஞ்சு போறா. அப்ப தோழி சொல்றா: "மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை." அடியே, இந்தக் கொன்றை மரங்க நெசமாவே வெவரம் இல்லாததுங்க, வம்ப மாரிய கார்னு நெனச்சு பூத்துடுச்சுங்க, இன்னும் பருவமே வரலன்னு. பாத்தீங்களா, மரத்தத் திட்டுறா, ஆனா அந்தத் திட்டுல கோவமே இல்ல. புள்ளைய ஒண்ண சமாதானம் பண்ண கீழ விழுந்த எடத்துல தரையத் தட்டி "இந்தத் தரைதான் கெட்டது"ன்னு சொல்லுவோமே, கிட்டத்தட்ட அந்தக் கொரலு. மடம்ங்கற வேர்ச்சொல்லு முட்டாத்தனத்த நோக்கி ஒரு அடி எடுத்து வச்சது இந்த மாதிரி எடத்துலதான், அதுவும் அன்போட வச்ச அடி.

புறநானூறுல இன்னும் அழகு. கபிலர் பாரியப் பத்தி சொல்றாரு, எருக்கம்பூவா இருந்தாலும் பக்தியா வச்சா கடவுள் வேணாம்னு சொல்றதில்ல, அதே மாதிரி "மடவர் மெல்லியர் செல்லினும் கடவன் பாரி கைவண்மையே." ஒண்ணும் தெரியாதவனோ ஏழை எளியவனோ யாரு போனாலும் குடுக்கறது என் கடமைன்னு நெனக்கறவன் பாரி. இங்க மடவர்னா இப்ப நாம சொல்ற அதே ஆளுங்கதான், வெவரம் பத்தாதவங்க. ஆனா அவங்கள வாசல்லேர்ந்து வெரட்டல, அவங்களுக்கும் சேத்துதான் கை நீளுது. பரணர் பேகனப் பாடும்போது கொடைமடம், படைமடம்னு ரெண்டு சொல்றாரு. யாருக்கு என்னத்துக்குன்னு பாக்காம, களர் நெலத்துலயும் பெய்யற மழை மாதிரி அள்ளிக் குடுக்கறது கொடைமடம், அதுல அவன் மடையன்தான். சண்டையில மட்டும் மடம் கெடையாது. ஒரு ராஜாவ மடம் உள்ளவன்னு சொல்லி அதையே புகழாக்குன மொழி இது.

கொறள்ல சொல்லு கொஞ்சம் இறுகிடுது. "வன்மையுள் வன்மை மடவார்ப் பொறை"ன்னு 153-வது கொறள், பலத்துலயே பெரிய பலம் வெவரம் கெட்டவங்களப் பொறுத்துக்கறது. இங்க மடவார் நம்ம பொறுமைய சோதிக்கறவங்க. கொன்றை மரத்துக்கிட்ட இருந்த செல்லம் போயிடுச்சு. ஆனாலும் திட்டச் சொல்லல, பொறுக்கச் சொல்றாரு.

பொம்பளைங்க கதை தனி, அத விட்டுட்டுப் போவ மனசு வரல. அச்சமும் நாணும் மடனும் பெண்ணுக்கு உரியதுன்னு தொல்காப்பியத்துலயே வருது. பழைய உரைகாரங்க இந்த மடத்துக்கு சொன்ன வெளக்கம், சொல்லிக் குடுத்தத புடிச்சிக்கிட்டு புடிச்சத விடாம இருக்கறதுன்னு. ஆம்பளைக்கு கொறையா ஆவற ஒண்ணு பொம்பளைக்கு நகையா ஆயிடுச்சு, தெரியாம இருக்கறதே அழகுன்னு ஆக்கி வச்சுட்டாங்க, இது எனக்கு ஏத்துக்கவே முடியாத ஒண்ணு. 1908-லேர்ந்து 10 வருஷம் நம்ம புதுச்சேரித் தெருவுல நடந்த பாரதியார் "மாதர் தம்மை இழிவு செய்யும் மடமையைக் கொளுத்துவோம்"னு பாடுனாரே, அவரு கொளுத்தச் சொன்ன சொல்லும் இதே மடமைதான். ரெண்டாயிரம் வருஷத்துல மான்குட்டிக் கண்ணுலேர்ந்து கொளுத்த வேண்டிய குப்பை வரைக்கும் ஒரே வேரு நடந்து வந்திருக்கு.

இப்ப இலக்கணம் தெரிஞ்சவங்க ஒரு கொக்கி போடுவாங்க, நானும் அதுல ரொம்ப நாள் மாட்டிக்கிட்டு இருந்தேன். மட கூட அன் சேந்தா மடவன்னுதான வரணும், மடவர் மடவார்னு அப்படித்தான வந்திருக்கு, ஐ-ல முடியற மடைக்குத்தான ய் வந்து மடையன் ஆவும், அப்ப ஏரி மடைதானேன்னு. வாட்ஸப் கதைக்கு இருக்கற ஒரே நல்ல வாதம் இதுதான். ஆனா தமிழ்ல இந்த மாதிரி மை-யில முடியற சொல்லு ரெண்டு உருவமும் எடுக்கும். இளமைய எடுத்துக்குங்க. இளம், இளன்னு வரும், இளைய, இளையவன், இளையன்னும் வரும். பழமை? பழம் பெருமைன்னு வரும், பழைய சோறுன்னும் வரும். மோகூர்ல ஒரு தலைவன் பேரே பழையன். இளமைக்கு இளையன், பழமைக்குப் பழையன், மடமைக்கு மடையன். இதப் புடிச்சப்பறம் எனக்குச் சந்தேகம் போயிடுச்சு. பக்கத்துல மலையாளத்துலயும் மடயன்னா முட்டாள்தான்.

காலக் கணக்குக்கு நம்ம மாவட்டத்துலயே சாட்சி இருக்கு. விருத்தாசலம் பக்கம் கோணாங்குப்பத்துல பெரியநாயகி மாதா கோயில் தெரியும் இல்ல, அதக் கட்டுன வீரமாமுனிவரு எழுதுனதுதான் பரமார்த்த குரு கதை. அதுல குருவுக்கு 5 சீடங்க, பேரு என்ன தெரியுமா: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். அவரு செத்தது 1747-ல. சதுரகராதின்னு தமிழ் அகராதியே தொகுத்த மனுஷன், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பாத்து எடுக்கறவரு, அவரு மடையன மட்டிக்கும் பேதைக்கும் நடுவுல முட்டாளோட பேராவே வச்சிருக்காரு. அந்தக் காலத்துல இதே திருமுனைப்பாடி நாட்டுல, அதாவது நம்ம வட்டாரத்துல, ஊருக்கு ஊரு ஏரி, ஏரிக்கு ஏரி மடை, மடைக்கு ஆளு இருந்தாங்க. ஒரே சமயத்துல ஒரு மடை ஏரியில இருந்துச்சு, இன்னொரு மடையன் வாயில இருந்தான், ஒருத்தனுக்கு ஒருத்தன் சம்பந்தம் இல்லாம. மெசேஜ்ல சொல்ற மாதிரி வீரன் பேரு வெள்ளக்காரன் வந்து கெட்டுப்போச்சுங்கறதுக்கு இங்க எடமே இல்ல.

அந்த மட்டியப் பாருங்க, இன்னும் தெளிவாப் புரியும். நம்ம உப்பனாறு பக்கமும் அரியாங்குப்பம் பக்கமும் சேத்துல காலால தொழாவிப் பொறுக்கற சிப்பிக்கும் மட்டின்னுதான் பேரு, வேகவச்சு கறிய எடுத்து வெங்காயம் போட்டு வறுத்தா அவ்ளோ ருசி. திட்டுற மட்டிக்கும் அந்த மட்டிக்கும் ஒறவு கெடையாது, திட்டுற மட்டி மழுக்கம், முரட்டுத்தனம்ங்கற பொருள்ல வந்தது. மட்டி பொறுக்கறவங்களத்தான் மட்டின்னு திட்டுனாங்கன்னு யாராவது கதை கட்டுனா நாம ஒத்துக்குவோமா? அதே நியாயம்தான் மடைக்கும்.

முட்டாளுக்கும் ஒரு கதை சுத்துது, தேருக்கு முட்டுக்கட்டை போடற ஆளுதான் முட்டாள்னு. வில்லியனூர் தேருக்கு வந்திருக்கீங்களா, வைகாசியில நடக்கும், பிரெஞ்சுக்காரன் காலத்துலேர்ந்து கவர்னரு வடம் புடிச்சு இழுக்கற வழக்கம் அங்க. எல்லாரும் மேல கலசத்தப் பாப்பாங்க, நான் சக்கரத்துகிட்ட நிக்கறவங்களப் பாப்பேன். கையில சரிவாச் செதுக்குன மரக்கட்டை, தேரு உருண்டு வரும்போது குனிஞ்சு சக்கரத்துக்கு முன்னாடி நீட்டி வச்சு, எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம் ஒரு சாய்வு குடுத்து, சக்கரம் ஏறுற நேரத்துல கைய உருவிக்கணும். அர நொடி தப்புனா கை போச்சு. தெரு மொனையில அவ்ளோ பெரிய தேரத் திருப்பறது வடம் இழுக்கற ஆயிரம் பேரு இல்ல, இந்த நாலு பேருதான். அவங்களப் பாத்துட்டு முட்டாள்னு ஒரு திட்டு பொறந்துச்சுன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. முட்டுன்னா தடைன்னு ஒரு பொருள் இருக்கே, முட்டுச்சந்துல மேல வழி இல்லாம நின்னுடுது பாருங்க, புத்தி அப்படி நின்னுபோன ஆளுன்னு எடுத்துக்கறதுதான் எனக்குச் சரியாத் தோணுது. கன்னடத்துலயும் கிட்டத்தட்ட இதே சொல்ல இதே பொருள்ல சொல்றாங்க.

மக்குக்கு வேற கதை எதுவும் இல்ல, மக்கிப் போறது, பளபளப்பு போயி மங்கிப் போறது, எருக்குழியில இருக்கற அதே மக்கு. கூமுட்டைன்னா கூழ்முட்டை. அடைக்கு வச்ச முட்டையில குஞ்சு வராததக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தா உள்ள சளக் சளக்னு கேக்கும், எங்க ஆயா அப்படிப் பாத்து பொறுக்கி தனியா வைக்கும். மண்டைய ஆட்டுனா உள்ள தண்ணி சத்தம்தான் கேக்கும்னு அர்த்தம், இது நல்லா கண்ணால பாத்து உண்டான திட்டு. பேதை மட்டும் மடத்தோட கூடப்பொறந்த மாதிரி. 5 வயசு 7 வயசு பொண்ணுக்கும் பேதைன்னு பேரு, கொறள்ல பேதைமைன்னு தனி அதிகாரம் போட்டு சாடுற ஆளுக்கும் பேதைன்னு பேரு. சின்னதுல அழகா இருக்கற தெரியாமை வளந்தப்பறம் குத்தமாயிடுது, தமிழ் இத ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ தனித்தனியா செஞ்சிருக்கு.

இடியட்டும் இப்படித்தான், கிரேக்கத்துல அது ஊர்ப் பொது வேலையில சேராம தன் சோலிய மட்டும் பாக்கற தனி ஆளு. பின்னால டாக்டருங்க அத புத்தி வளர்ச்சி கொறைஞ்ச புள்ளைங்களுக்கு வைக்கற பேரா ஆக்குனாங்க, 1910-ல கோடார்ட்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆளு மோரான்னு புதுசா ஒரு சொல்லே உண்டாக்குனாரு, அதுவும் திட்டாப் போச்சு. இந்த எடத்துல எனக்கு ஒரு கருத்து உண்டு. லூசு, மென்டல், கபோதி மாதிரி சொல்லெல்லாம் நெசமாவே ஒரு ஒடம்புக் கஷ்டம், மனசுக் கஷ்டம் உள்ளவங்க மேல போயி விழுது. தெலுங்குல கபோதின்னா கண்ணு தெரியாதவரு, நாம அதத் தூக்கி சண்டையில வீசுறோம். அந்த மாதிரி வீட்டுல புள்ளைய வளக்கற அம்மா பக்கத்துல நின்னு கேட்டா எப்படி இருக்கும்? மடையன்ல அந்தக் கொடுமை கெடையாது. அதுக்காக கிளாஸ்ல ஒரு புள்ளைய நிக்க வச்சு சொல்லலாம்னு அர்த்தம் இல்ல, சொன்னா எத்தன வருஷம் உள்ள கெடக்கும்னு எனக்குத் தெரியும்.

கேள்வியோட ரெண்டாவது பாதி, எப்படித் திட்டா மாறுச்சுன்னு. மாறுனது வீரன் பேரு இல்ல, கொரலு. தோழி கொன்றையப் பாத்து சொன்னப்ப பக்கத்துல அழுதுக்கிட்டு ஒருத்தி இருந்தா, அவளத் தேத்தறதுக்காக சொன்னா. அதே சொல்ல வாத்தியாரு என்னப் பாத்து சொன்னப்ப 40 புள்ளைங்க சிரிக்கறதுக்காக சொன்னாரு.

வாட்ஸப் கதைய அனுப்பறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நீர்க்கட்டிக்கு ஒரு மரியாதை செய்யணும்னு அவங்க மனசுல இருக்கு, அது நல்ல மனசு. ஆனா அதுக்கு ஒரு திட்டுச் சொல்லோட வேர மாத்தி எழுத வேண்டாம். தெக்க போனா நீர்பாய்ச்சி, நம்ம பக்கம் நீர்க்கட்டி, அந்தப் பேரே கம்பீரமாத்தான் இருக்கு, அந்தப் பேரோடயே அவங்களப் பத்தி எழுதுங்க, எந்த ஏரி, எத்தன மடை, யாரு பாத்தாங்க, என்ன கூலின்னு ஊர்ப் பெருசுங்ககிட்ட இப்பவே கேட்டு எழுதி வையுங்க. இப்ப பல ஏரியில இரும்பு ஷட்டரு, சக்கரத்தத் திருவுனா தொறந்துக்கும், கட்டையும் கம்பும் எப்படி இருந்துச்சுன்னு பாத்தவங்க கொறஞ்சுக்கிட்டே வர்றாங்க. எங்க தாத்தாவோட கம்பு மாட்டுக் கொட்டாய் எரவாணத்துல ரொம்ப நாள் சொருவி கெடந்துச்சு, கொட்டாயப் பிரிச்சப்ப யாரு எடுத்தாங்கன்னே தெரியல, அத நெனச்சா இன்னும் மனசு ஆறல.

இன்னொண்ணு, பழைய மடம் செத்துப் போவல, வீட்டுல இருக்கு. வம்ப மாரி மாதிரி சித்திரையில திடீர்னு ஒரு மழை கொட்டும், ஏரிக்கரையில தாத்தாவுக்கு சோறு குடுத்துட்டு நான் தொப்பையா நனைஞ்சு வருவேன். ஆயா வாசல்லயே நிக்கும், "அட மடப்பயலே, மரத்தடியில செத்த நின்னு வரக்கூடாதா"ன்னு சொல்லிக்கிட்டே முந்தானைய எடுத்து தலைய அழுத்தி அழுத்தித் தொவட்டும்.